வாசிக்க வரவில்லையா? எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்

ஜூனில் பள்ளி திறந்து மூன்று வாரம் ஆவதற்குள் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "அவனுக்கு ஒண்ணுமே வரலை டீச்சர்." காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை மாறி மாறிப் பாடம் எடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஒன்றுமே வராத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏதோ ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். அது எது என்று தேடாமல் மறுபடி அ, ஆ என்று முதலிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகும், நமக்கும் அலுத்துப்போகும்.

2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து உட்கார வைத்தோம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அதில் தெரியும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பது தெரியாது. என் வகுப்பில் முதல் படியான அரும்பில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கும் ஆறு வேறு வேறு சிக்கல். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில் ஐந்து நிமிடம்

பிள்ளையைத் தனியாக, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் உட்கார வையுங்கள். வராந்தா போதும். கலைத்துப்போட்ட பத்து எழுத்துகளை வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தில் இல்லாத ஐந்து சொற்களைத் துண்டுச் சீட்டில் காட்டுங்கள். இரண்டு வரி வாசிக்க வையுங்கள். ஐந்து சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு சின்னக் கதை சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

எதற்கும் முன்னால்: கண், காது, வயிறு

இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் நாம் கடைசியாகத்தான் பார்க்கிறோம்.

கண்: கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கரும்பலகையில் இருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு முதல் வரிசையில். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணை. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டாலோ, தலையைத் திருப்பிக்கொண்டாலோ, அழுதாலோ அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கியிருப்பது பிள்ளைக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியிருக்கும். வயது ஏற ஏற அதைச் சரிசெய்வது கடினம்.

காது: பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மெல்லிய குரலில் 'மாடு', 'பானை', 'தட்டு' என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஊருணியில் குதித்துக் குளிக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காதில் சீழ் வடிவதை வருடந்தோறும் பார்க்கிறேன். 'ந'வும் 'ம'வும் ஒன்றுபோலக் கேட்கும் பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்களா என்று விசாரியுங்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வயிறு: 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு பத்தரை மணிக்குத் தலை சாய்க்கும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். இன்னும் சாய்கிறது என்றால் இரவுத் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பலகாரம் சுட்டு விற்கும் வீடுகளில் பிள்ளைகளும் வெகுநேரம் விழித்திருக்கும்.

அறிகுறி: பாடத்தை மளமளவென்று வாசிக்கிறாள், தனிச் சொல்லைக் காட்டினால் விழிக்கிறாள்

வாசிக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரியில் இல்லாமல் உங்கள் முகத்தில் இருந்தால் அது மனப்பாடம். பாடத்தின் மூன்றாம் வரியில் நடுச் சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். அவள் முதல் வரியிலிருந்து உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தால் உறுதி.

காரணம் பெரும்பாலும் நாம்தான். எல்லாரும் சேர்ந்து கோரஸாகச் சொல்லும்போது நாற்பது குரலில் ஒரு குரல் வாசிக்கவில்லை என்பது தெரியாது. கோரஸை நிறுத்தச் சொல்லவில்லை, பாட்டுக்கு அது நல்லது. வாசிப்புக்கு வேண்டாம்.

பஸ் பலகையை வைத்தும் சோதிக்கலாம். எங்கள் பிள்ளைகள் தூரத்திலிருந்தே 'புதுவயல் வண்டி', 'குன்றக்குடி வண்டி' என்று சரியாகச் சொல்லிவிடும். அதே பெயரைச் சிலேட்டில் எழுதிக் காட்டினால் தெரியாது. வண்டியின் நிறத்தையும் நேரத்தையும்தான் வாசித்திருக்கிறார்கள்.

சரிசெய்வது எளிது. அதே பாடத்தின் சொற்களைச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். வரிசை மாற்றி வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள். பாடம் அவள் வாயில் ஏற்கனவே இருப்பதால் இரண்டு மூன்று வாரத்தில் கண்ணும் வாயும் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி வாசிக்க வரவில்லை

நான் அதிகம் பார்த்தது இதைத்தான். பையன் 'ப, இட், ட, இம்' என்று ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்வான். "சேர்த்துச் சொல்லுப்பா" என்றால் உத்தரத்தைப் பார்ப்பான். இதில் பல கிளைகள் உண்டு. வரிசையாகப் பாருங்கள்.

*எழுத்தின் பெயரைச் சொல்கிறானா, ஒலியைச் சொல்கிறானா?*

வீட்டில் அப்பத்தா 'ஆனா, ஆவன்னா, கானா' என்று சொல்லிக்கொடுத்திருப்பார். பள்ளியில் நாம் மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டுமே எழுத்தைக் கூப்பிடும் பெயர்கள். பெயர்களை வரிசையாகச் சொன்னால் சொல் வராது. 'ப-இட்-ட-இம்' என்பதிலிருந்து 'பட்டம்' எப்படி வரும்? நாம் பெரியவர்கள், சொல் ஏற்கனவே தெரியும் என்பதால் நமக்கு வருகிறது.

நான் செய்வது இதுதான். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக வாசிக்க விடுவதே இல்லை. அது முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிடுவேன். பட்-டம். முதல் வாரம் கல், பல், கண், மண், பால், நூல், மீன், தேன் என்று ஒரே துண்டுச் சொற்கள் மட்டும். இரண்டாம் வாரம் பட்-டம், கட்-டில், மஞ்-சள், சந்-தை. மூன்றாம் வாரம் ஊர்ப் பெயர்கள்: பள்-ளத்-தூர், கோட்-டை-யூர், குன்-றக்-குடி, கா-ரைக்-குடி. நீளமான ஊர்ப் பெயரைத் தானாக வாசித்து முடித்ததும் அந்த முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வேலையில் இருக்கலாம். தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அடுத்த நாள் வராது.

*கொம்பில் நிற்கிறானா?*

'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் ஏதோ இருக்கிறது. ஒழுங்காக இடமிருந்து வலமாக வாசிக்கும் பிள்ளைதான் இங்கே தடுக்கி விழும். 'கொடி'யை 'கெகாடி' போல ஏதோ சொல்வான். அவன் நாம் சொன்ன விதியைத்தான் பின்பற்றுகிறான் என்று புரிந்துகொள்ளுங்கள். கொம்பையும் காலையும் வண்ணச் சுண்ணக்கட்டியில் எழுதுங்கள். "நடுவுல நிக்கிறவரை முதல்ல பாரு, அப்புறம் அவரு என்ன போட்டிருக்காருன்னு பாரு" என்று சொல்லுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்புக்கு விரலைப் பயன்படுத்தலாம்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு மேசையில் இழுப்பு.

*கு, சு, டு, து வரிசையிலா?*

ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்கு மேல்விலங்கு என்று ஏறக்குறைய ஒழுங்காக வந்த எழுத்து, உகரத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு மாதிரி ஆகிவிடும். பல பிள்ளைகள் மாதக்கணக்கில் இங்கேயே நிற்கின்றன. 18 எழுத்தையும் 18 தனி எழுத்தாகக் கற்றுக்கொடுக்காதீர்கள், மூன்று குடும்பம்தான். கோடு நேராகக் கீழே இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு. சுற்றி வளைபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே போய் மடங்கி மேலே ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. மூன்று பனையோலைக் கொட்டான்களை வைத்து, அட்டைகளைக் குடும்பம் பார்த்துப் போடச் சொல்வேன். விளையாட்டாக ஒரு வாரம் போதும். ஊகாரத்தை அதற்குப் பிறகு எடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம்.

*காதால் கூட்ட முடிகிறதா?*

மேலே சொன்னவை எதுவும் பலிக்கவில்லை என்றால் எழுத்தை மூடி வையுங்கள். வாயால் மட்டும், இடைவெளி விட்டு, "வா... ழை. என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். "தொட்... டில்?" "மத்... தா... ளம்?" இதைச் சேர்க்க முடியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இல்லை, சொல்லைத் துண்டாக்கி ஒட்டும் வேலையில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் புத்தகமே வேண்டாம். வகுப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் எத்தனை கைத்தட்டு, 'பலகை'யில் 'ப'வை எடுத்தால் மீதி என்ன, 'ம'வில் தொடங்குவது வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று வாய் விளையாட்டு மட்டும். ஏழு வயது முடிந்தும் இது வரவில்லை என்றால், கற்றலில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டிய பட்டியலில் இந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பார்த்து எழுதினால் முத்து முத்தாக எழுதுகிறாள், சொன்னால் எழுத வரவில்லை

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். நோட்டைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று' என்று நானே எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் அவள் ஊர்ப் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, எனக்கும்தான். இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் எழுத்தை வரைந்திருக்கிறாள். கோலம் போடுவது போல, கையில் இருந்தது, காதில் இல்லை.

சோதனை: சொல்லைக் காட்டி, மூடி, எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தால் வரைகிறாள் என்று அர்த்தம். சொல்லுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றால் வாசித்து எழுதுகிறாள்.

'பத்து முறை எழுது' என்று வீட்டுப்பாடம் கொடுப்பதை இந்தப் பிள்ளைகளுக்கு உடனே நிறுத்துங்கள். எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்து முறை, அடுத்த எழுத்தை அதன் பக்கத்தில் பத்து முறை. சொல் என்ற ஒன்று அந்த நோட்டில் எங்குமே எழுதப்படவில்லை. பிழையோடு எழுதினால் பிழையும் பத்து முறை பதியும்.

பதிலாக: பார், மூடு, வாயால் சொல், எழுது, திறந்து சரிபார். நாளைக்கு ஐந்து சொல், சிலேட்டில். முதல் நாள் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்கள்: பூ, தீ, வா, கல், மண். தப்பாக எழுதியதைச் சிவப்பு மையில் வெட்டாமல், அதற்கு மேலே சரியானதை எழுதிக் காட்டுங்கள். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவளையே கண்டுபிடிக்க விடுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பொங்கல் வரை ஆனது. நோட்டின் அழகு கொஞ்ச நாள் குறைந்தது. பெற்றோர் கேட்டார்கள், விளக்கிச் சொன்னேன்.

அறிகுறி: எலை, கொடை, வெரல், மொகம்

இதைப் பிழை என்று வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளை தான் கேட்டதைச் சரியாக எழுத்தாக்கியிருக்கிறது. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலை, நாம் இவ்வளவு நாள் கெஞ்சிக் கேட்ட வேலை, நடந்துவிட்டது.

பேச்சில் 'இலை' எல ஆகிறது, 'விரல்' வெரல், 'நிலா' நெலா. 'குடை' கொட ஆகிறது, 'முகம்' மொகம், 'உடம்பு' ஒடம்பு. 'தலை' தல ஆகிறது. 'கல்' கல்லு, 'பால்' பாலு. ஒழுங்கான மாற்றம்தான், செட்டிநாட்டில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் பேசுகிறோம்.

ஒரு பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான்.

"டீச்சர், எங்க அப்பத்தா எலன்னுதான சொல்லுது?"

"ஆமாப்பா, நானும் வீட்ல எலன்னுதான் சொல்லுவேன். எலையில சாப்பாடு போடுன்னுதான் கேப்பேன்."

"அப்ப ஏன் தப்புங்கிறீங்க?"

"பேச்சுல தப்பில்ல. எழுதும்போது இலைன்னு எழுதணும். சட்டை வீட்டுக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு போடுறோம்ல?"

அதற்குப் பிறகு வகுப்புச் சுவரில் இரண்டு பத்தி: வீட்டுச் சொல், புத்தகச் சொல். பிள்ளைகள் வீட்டிலிருந்து நாளுக்கொரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டின. அப்பத்தா பேச்சை மட்டமாகப் பேசிவிடாதீர்கள். பிள்ளைக்கு மொழி அங்கிருந்துதான் வந்தது.

சில வாரத்தில் 'எலி'யை 'இலி' என்றும் 'கொடி'யை 'குடி' என்றும் எழுதத் தொடங்கும். பயப்படாதீர்கள், விதி பிடிபட்டுவிட்டது, கொஞ்சம் அதிகமாகப் பிடிபட்டுவிட்டது. வாசிக்க வாசிக்கத் தானாக அடங்கும்.

அறிகுறி: ன-ண, ர-ற, ல-ள-ழ மாறி விழுகிறது

மூன்றாம் வகுப்பு முடியும் வரை இதில் நேரம் செலவிடாதீர்கள். கூட்டி வாசிக்கவே வராத பிள்ளையிடம் மூன்றுசுழி, இரண்டுசுழி என்று சண்டை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். நம் பக்கம் பேச்சில் 'வாளப்பளம்'தான் அதிகம். ர, ற பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. காதில் விழாத வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்கச் சொல்ல முடியாது.

நான்காம் வகுப்பில், இடத்தை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சொல்லின் முதலில் வருவது 'ந' மட்டுமே, 'ண', 'ன' வராது. 'ட'வுக்கு முன் ண் (வண்டி), 'ற'வுக்கு முன் ன் (கன்று), 'த'வுக்கு முன் ந் (பந்து). 'ர்' இரட்டிக்காது, இரட்டித்தால் அது 'ற்ற' (காற்று). 'ழ்' இரட்டிக்காது, இரட்டித்தால் 'ல்ல' அல்லது 'ள்ள'. அவன், வந்தான், வந்தேன் என்று ஆளைக் குறித்து முடிவதெல்லாம் 'ன்'. இந்த ஐந்தாறு விதியிலேயே நோட்டில் பாதிச் சிவப்பு போய்விடும். மீதி வாசிப்பில்தான் வரும், வேறு வழி இல்லை.

அறிகுறி: லை, ணை, னை மட்டும் யாரும் எழுதாத வடிவில் எழுதுகிறது

வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். வீட்டில் யார் எழுதிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்த பெரியவர்கள் லை, ளை, ணை, னைக்குத் துதிக்கை போல மேலே வளைத்து எழுதுவார்கள். ணா, றா, னாவையும் காலைச் சேர்த்துச் சுழித்துத்தான் எழுதுவார்கள். இங்கே பழைய வீடுகளின் முகப்பிலும், பெட்டியில் வைத்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எழுத்துதான். பிள்ளையிடம், "இது பழைய எழுத்து, இது இப்போதைய எழுத்து, நீ இப்போதையதை எழுது" என்றால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அந்தப் பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகள் விட மாட்டார்கள்.

அறிகுறி: எழுத்து திரும்பி விழுகிறது, கை வலிக்கிறது என்கிறது

ஏழு வயது வரை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி எழுதுவது சகஜம். ஒரு பூனை எந்தப் பக்கம் திரும்பினாலும் பூனைதான், 'ட' மட்டும் ஏன் திரும்பக்கூடாது என்பது பிள்ளைக்குப் புதிய செய்தி. எங்கள் வகுப்புத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. ஒரு கல்லைத் திருப்பிப் பதித்தால் பூ என்ன ஆகும் என்று அட்டையில் வெட்டிக் காட்டினேன், புரிந்துவிட்டது.

இடது கைக்காரப் பிள்ளையை மாற்றாதீர்கள். நோட்டை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் போதும்.

கை வலிக்கு முதலில் கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். தொங்கினால் ஒரு பலகையைப் போடுங்கள். அடுத்து பிடி. முழுப் பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளைக்கு விரல் நுனி அளவு உடைந்த பலப்பத்தைக் கொடுங்கள். மூன்று விரலால் தவிர அதைப் பிடிக்கவே முடியாது. விரலுக்குப் பலம் வர நோட்டு வேண்டாம், மாவு பிசையட்டும், பூக் கட்டட்டும், புள்ளிக் கோலம் போடட்டும். எட்டு வயதாகியும் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஒரு கை மட்டும் தளர்வாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான், என்ன வாசித்தாய் என்றால் தெரியவில்லை

அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் அவன் சக்தியெல்லாம் எழுத்துக் கூட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு படி எளிய பத்தியைக் கொடுத்து, ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்க வையுங்கள்.

கேட்டாலும் புரியவில்லை என்றால் சொற்கள் போதவில்லை. இங்கே நல்ல மருந்து ஒன்று உண்டு. பிள்ளையைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் என்ன பார்த்தான், ஊருணியில் என்ன மீன் பிடித்தான் என்று நான்கைந்து வரி. அவன் சொன்னதையே அவனிடம் வாசிக்கக் கொடுங்கள். அர்த்தம் தெரியாமல் வாசிக்கவே முடியாது, அது அவன் வாழ்க்கை. பத்து நாளில் ஒரு சின்னப் புத்தகம் சேர்ந்துவிடும். அதைப் பக்கத்து வகுப்புக்குக் கடன் கொடுக்கலாம்.

அறிகுறி: வீட்டில் வேறு மொழி

வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். முதல் சோதனை: சொந்த மொழியில் வாசிக்குமா? வாசிக்கும் என்றால் வாசிப்பு என்ற வித்தை கையில் இருக்கிறது, எழுத்து மட்டுமே புதிது, வேகமாக வரும். வாசிக்காது என்றால் முதல் இரண்டு மூன்று மாதம் பேச்சு மட்டும்: பொருளைக் காட்டிப் பெயர், விளையாட்டு, பாட்டு. வாயில் இல்லாத சொல்லை எழுத்தில் கூட்டி என்ன செய்வது? இந்தப் பிள்ளைகளை மெல்லக் கற்போர் பட்டியலில் எழுதாதீர்கள்.

அறிகுறி: வாயே திறப்பதில்லை

கண், காது பார்த்தாயிற்று என்றால், அநேகமாக வெட்கம். என்றோ ஒரு நாள் வகுப்பு சிரித்திருக்கும், அல்லது நம்மில் ஒருவர் ஏதோ சொல்லியிருப்போம். எல்லார் முன்னும் எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு மாதம் என்னிடம் ஒரு வரி வாசிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். எளிய புத்தகம் வாசிப்பதில் அவனுக்கு அவமானம் இல்லை, சின்னவர்களுக்காகத்தானே வாசிக்கிறான். தீபாவளி விடுமுறைக்கு முன் அவனே வந்து, "டீச்சர், இதுல ஒரு எழுத்து தெரியலை" என்று கேட்டான்.

எல்லாம் செய்தும் நகரவில்லை: யாரைக் கூப்பிடுவது, எப்போது

சரியான சிக்கலைப் பிடித்து, தினமும் பதினைந்து இருபது நிமிடம், தனியாக அல்லது மூன்று நான்கு பேர் குழுவில், எட்டு வாரம் செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் தேதி போட்ட தாள்களில் மாற்றம் தெரியவில்லை, வாய்ப்பேச்சில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாக இருக்கிறது, வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே போல் இருந்தது என்றால் காத்திருக்காதீர்கள். டியூஷனில் சேர்க்கச் சொல்லிப் பெற்றோருக்குச் செலவு வைக்காதீர்கள். அதே முறையை இன்னும் இரண்டு மணி நேரம் செய்தால் பிள்ளை இன்னும் சோர்ந்துபோகும்.

முதல் படி, தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். அவர்கள் பள்ளிக்கே வருவார்கள், கட்டணம் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் பெயரைக் கொடுத்து வையுங்கள். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று தனித் துறை இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் அரசு மருத்துவமனை வழியாகத்தான் வரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிறகுதான் கொடுப்பார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிப்பார்கள். எட்டு வயது வரை உதவியே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சிறப்பாசிரியரின் பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்குத்தான் அது.

அம்மாவிடம் சொல்லும் விதம் முக்கியம். 'குறைபாடு' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். ஒரு தாய் என்னிடம், "டீச்சரம்மா, எம்புள்ள மக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா. அவன் சொல்ற கதையை நான் எழுதி வச்சிருக்கேன், பாருங்க. மக்குப் பிள்ளைக்கு இப்படிச் சொல்ல வருமா? எழுத்து மட்டும் அவனுக்கு வேற வழியில போய்ச் சேரணும். அந்த வழி தெரிஞ்சவங்ககிட்ட காட்டுவோம்" என்றேன். அவன் சொல்லி நான் எழுதிய அந்தப் பக்கத்தை அவர் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

கூட்டிப்போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதல் நாள் ஐந்து நிமிடத் தாள், எட்டு வாரத்தில் சொல்லச் சொல்ல எழுதிய தாள்கள், என்னென்ன முயன்றோம் என்று ஒரு பக்கம், கண், காது பார்த்த சீட்டு. இவற்றில் ஒரு நகல் பள்ளியில் இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும் நாளில், மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து அதையும் பெற்றோர் கையில் கொடுத்து, ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.